வலது கையை யாரிடம் கொடுப்பது

காலை ஐந்தே முக்கால். அருங்காட்சியக வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு டிராக்டர். அதன் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே புதுக் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பாயின் மூலைகளில் செங்கல் வைத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. எதிர்க் கடையில் மூன்று பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பின்தெருவில் குடியிருந்தேன். காவலர் மாணிக்கம் வந்து எழுப்பியிருந்தார். "கூத்தாண்டவர எடுத்துக்கினு போவ வந்துகீறாங்க மேடம். எட்டு மணிக்குள்ள கெளம்பியாவணுமாம்."

எட்டு மணிக்கு மறியல். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அப்போது கள்ளக்குறிச்சி வெறும் தாலுகா ஊர். முதல் நாளே கடைக்காரர்கள் சரக்கை உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். சாலையோரப் புளியமரங்களில் எவையெல்லாம் விழும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். வெண்கலத்தில் பச்சைக் களிம்பு ஏறினால் என்ன செய்வது, கரையானுக்கு என்ன மருந்து என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிய சிறிது நேரத்தில் நம் பின்கூடம் ஒழுகத் தொடங்கும் என்பதை முதல் ஐப்பசியிலேயே தெரிந்துகொள்வீர்கள். பங்குனி வந்தால் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் குறையும், சித்திரையில் ஊர்க்காரர்கள் வருவார்கள். அந்தச் சித்திரைக் காலை ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பாரதப் போரில் களப்பலியான அரவானைத்தான் இந்தப் பக்கம் கூத்தாண்டவர் என்கிறார்கள். சித்திரையில் அவருக்குத் தேர். தேரில் அவர் உடம்பு வைக்கோல் புரியால் கட்டியது. தலையும் கைகளும் காதுகளும் வர்ணம் பூசிய மரம். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அந்த ஊரின் கூத்தாண்டவர்தான் நம் நடுக்கூடத்தில் நின்றார். ஆள் உயரத்துக்கு மேல் இருப்பார். இரும்புச் சட்டத்தில் தலை, இரண்டு பக்கமும் கைகள், பெரிய காதுகள். பக்கத்தில் தொங்கிய பலகையில், 'பல இடங்களில் சிதறிக் கிடந்த பாகங்கள் முதன்முறையாக ஒன்று சேர்க்கப்பட்டன' என்று எழுதியிருந்தது.

ஒன்று சேர்த்தவர் எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர். எல்லாரும் அவரை சார் என்போம். நல்ல மனிதர். தலை கோயிலின் இடிந்த அறையில் இருந்தது. வலது கை காலனியில் ஒரு வீட்டுப் பரணில், புளிப்பானைக்குப் பின்னால். இடது கை கிழக்குத் தெருவில். காதுகள் பானை செய்கிறவர் வீட்டில். கரையான் அரிக்கத் தொடங்கிவிட்டதைப் பார்த்து, வீடு வீடாகப் போய்ப் பேசி வாங்கி வந்து, மருந்து வைத்து, சட்டம் அடித்துக் காப்பாற்றியவர் அவர். திருவிழாவுக்கு ஆண்டுதோறும் எடுத்துப் போகலாம், முடிந்ததும் திரும்பக் கொண்டு வரவேண்டும் என்பது பேச்சு. சில ஆண்டுகள் ஊரே ஒரு லாரியில் வந்து சட்டத்தோடு எடுத்துப் போய், அதன்மேலேயே வைக்கோலைக் கட்டியது. காலனி ஆட்களும் பெரிய தெரு ஆட்களும் ஒரே லாரியில் நின்றுகொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டு வந்தது டிராக்டர். அதில் காலனி ஆட்கள் யாரும் இல்லை.

தனசேகரன் டீ டம்ளரை வைத்துவிட்டு வந்தார். ஊர் நாட்டாமையின் மகன், முப்பது வயது இருக்கும். சட்டைப் பையில் கோயிலின் கடிதம் மடித்து வைத்திருந்தார். கடிதம் சரியாக இருந்தது. நம் பதிவிலும் முழு உருவமும் கோயில் பெயரில்தான் இருந்தது.

"சீக்கிரம் மேடம். எட்டுக்கு மேல ரோட்டுல ஒண்ணும் ஓடாது. எங்க ஆளுங்களே எங்கள வுட மாட்டாங்க" என்று சிரித்தார்.

மாணிக்கம் கூடத்தைத் திறந்தார். சட்டத்தோடு தூக்க அவர்கள் கயிறு கொண்டு வந்திருந்தார்கள். கயிற்றைச் சுற்றும்போதுதான் வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"டீச்சரம்மா இருக்காங்களா?"

அருங்காட்சியகத்தில் வேலை செய்கிற பெண்ணை அந்த ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள். வந்தவர் பூங்காவனம். நாற்பது வயதைத் தாண்டியவர், நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். வலது கை இருந்தது அவர் மாமனார் வீட்டுப் பரணில். மறியலுக்கு முன் வந்துவிட வேண்டும் என்று முதல் நாள் மாலையே பஸ் ஏறி, இங்கே கருணாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்திருந்துவிட்டு வந்திருந்தார். கூட அவர் கொழுந்தன், தோளில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்க கைய எங்ககிட்ட குடுங்க. நாங்க எடுத்துக்கினு போறோம்" என்றார் பூங்காவனம்.

தனசேகரன் கயிற்றை விடவில்லை. "கையும் தலையும் ஒரே எடத்துக்குத்தான் போவுது. வா, டிராக்டர்லயே ஏறிக்க."

"கைய நீங்க எடுத்துக்கினு போயிட்டா நான் இன்னாத்துக்கு ஏறணும்?"

தனசேகரன் ஒருமையில் பேசினார், இவர் நீங்க என்றார். வயதில் இவர்தான் மூத்தவர்.

"தேருக்கு வர வேணாம்னா சொன்னோம்? வந்து பாரு."

"பாக்கறதுக்கு வரச் சொல்றீங்க. உங்க தாத்தா எங்க வூட்டு வாசலுக்கு மேளத்தோட வருவாரு. வெத்தல பாக்கு வெச்சி, கை வரணும்னு கூப்புடுவாரு. எங்க மாமனாரு கைய தூக்கிக்கினு முன்னாடி நடப்பாரு, ஊரு பின்னாடி வரும். இப்ப கை இங்க ஆபீசுல இருக்குது. ஆபீசுக்கு ஒரு லெட்டர் குடுத்தா போதும். எங்கள எவன் கூப்புடணும்?"

நான் அந்த ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்த வழக்கத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். பாகங்கள் வேறு வேறு வீட்டில் இருந்தது இடம் இல்லாததால் அல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஒரு பாகம் இருந்தால், ஒருவரை விட்டு ஒருவர் தேர் கட்ட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இவர் வாசலுக்கு அவர் போய்த்தான் ஆகவேண்டும். நாம் எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் மாட்டினோம். லாரியில் சேர்ந்து வந்தவரை யாருக்கும் எதுவும் குறையாகத் தெரியவில்லை. தெருக்கள் பேசாமல் போன ஆண்டில்தான் தெரிந்தது.

ஏன் பேசாமல் போனார்கள் என்பதும் அங்கேயே வெளிவந்தது.

"போன மறியலுக்கு உங்க தெருவுலருந்து ஒருத்தன் வரல" என்றார் தனசேகரன்.

"எங்கள எவன் கூப்ட்டான்? மரத்த வெட்டி ரோட்டுல போட்டீங்க. பஸ்ஸு இல்ல, வேல இல்ல. அடுப்பு எரியாம வூட்ல கெடந்தோம். அத யாருனா வந்து கேட்டீங்களா?"

"எங்க சித்தப்பா பையன் பி.எஸ்சி. முடிச்சிட்டு கரும்பு வெட்டறான். அதுக்குத்தான் ரோட்டுக்கு வந்தோம். உங்க மேல எங்களுக்கு இன்னா கோவம்?"

"கோவம் இல்லன்னா வூட்டுக்கு வாங்க."

டிராக்டரோடு வந்த இன்னொருவர் இதற்குச் சிரித்துவிட்டார். தனசேகரன் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவர் கிழக்குத் தெருக்காரர், இடது கை வீட்டுக்காரர்.

மணி ஆறரை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனம் எப்படி ஓடியது என்று சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். முதலில் தோன்றியது, மேலிடத்தைக் கேட்போம் என்பது. சென்னை அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும். அடுத்து, இன்று யாருக்கும் இல்லை என்று கதவைப் பூட்டிவிடலாம் என்பது. அது பாதுகாப்பாகத் தெரிந்தது. ஆனால் தேருக்கு இரண்டே நாள் இருந்தது. கூத்தாண்டவரை அடைத்து வைத்தார்கள் என்று மறியல் நாளில் வெளியே சொன்னால், இந்தக் கண்ணாடிகளில் எது மிஞ்சும்? முழுதாகத் தனசேகரனிடம் கொடுத்தால் காகிதப்படி சரி, என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது. பூங்காவனம் வீட்டுக்குத் தேரில் இருந்த இடம் அன்றோடு போய்விடும். ஓர் ஆண்டு கை இல்லாத வீடு, அடுத்த ஆண்டு கேட்க முடியாது.

இங்கே வருவதற்கு முன் நான் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். செய்தி ஒன்று கையில் வந்தால், இதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று முதலில் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேறு வழி தெரியாததால் அதையே கேட்பது என்று முடிவு செய்தேன். மாணிக்கத்தை சைக்கிளில் அனுப்பி சாரை அழைத்து வரச் சொன்னேன். அவர் ஊருக்குள்தான் இருந்தார்.

சார் தோளில் துண்டோடு, முகம் மழிக்காமல் வந்தார். மாணிக்கம் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். முதலில் மரத்தைத்தான் பார்த்தார். தோள்பட்டைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார்.

"பிரிக்காதம்மா. ஆடாம இருக்கணும்னு போல்ட் போட்டு முடுக்கியிருக்கேன். துருப்பிடிச்சிருக்கு. கழட்டினா மரம் பிளந்துடும். முழுசா கொடுத்து அனுப்பிடு."

"பாத்தீங்களா" என்றார் தனசேகரன்.

"சார், இந்தக் கையை நீங்க யார் கையிலேர்ந்து வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் பூங்காவனத்தைப் பார்த்தார். "இவங்க மாமனார். பரண்லேர்ந்து இறக்கி, வெள்ளை வேட்டியில சுத்திக் கொடுத்தார்."

"கோயில்காரங்க கையிலேர்ந்து இல்லையே?"

"இல்ல. பதிவுல கோயில்னு எழுதினேன். எழுத வசதியா இருந்தது."

பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "தேங்காய் எண்ணெய் இருக்கா?" என்று மாணிக்கத்தைக் கேட்டார். நான் ஸ்பேனரை எடுத்தபோது, "குடு. நான் முடுக்கினது" என்று வாங்கிக்கொண்டார்.

எண்ணெய் ஊற வேண்டும். வெளியே முதல் கோஷம் கேட்டது. இளைஞர்கள் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனார்கள். தனசேகரனோடு வந்த மூன்றாவது ஆள் வாசலில் நின்று, போகிறவர்களில் தெரிந்தவர்களுக்குக் கையசைத்தார். பூங்காவனம் சுவரோரம் குந்தி, நம்முடைய நடுகற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்களையெல்லாம் எவன் கூப்புடுவான் டீச்சரம்மா?" என்று கேட்டார்.

இரண்டாவது போல்ட் கழன்றபோது மெல்லிய சத்தம் வந்தது. மணிக்கட்டுக்கு மேலே மயிரிழை போல ஒரு கீறல். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளந்துடுச்சு" என்றார்.

பூங்காவனம் எட்டிப் பார்த்தார். "இதுக்கா? ரெண்டு தபா பெயிண்டு அடிச்சா போச்சி. வருஷா வருஷம் அடிக்கறதுதானே."

சார் அந்தப் பழைய வர்ணத்தைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். கையை இரண்டு கையாலும் ஏந்தி அவரே கொடுத்தார். கொழுந்தன் தோளிலிருந்த வேட்டியை விரித்துச் சுற்றினார். இடது கையைக் கழற்றிக் கிழக்குத் தெருக்காரரிடம் கொடுத்தோம். தலை தனசேகரனுக்கு.

"அப்ப காது?" என்றார் தனசேகரன். குரலில் கோபம் இருந்தது.

பானை செய்கிற குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு ஊரைவிட்டுப் போய் நாளாகியிருந்தது. அவர்களில் யாரும் வரவில்லை.

"காதை நான் கொண்டு வரேன்" என்றேன்.

"கை இல்லாமலே தேர் கட்டுவோம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் டிராக்டரில் ஏறினார். பாய்மேல் தலையை மட்டும் வைத்துத் துணியால் போர்த்தியிருந்தார்கள். எட்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அது போதவில்லை. தியாகதுருகத்துக்கு முன்பே புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. மறித்தவர்கள் அவருக்கு வேண்டியவர்கள்தான். சாமிக்குக் கற்பூரம் காட்டினார்கள், டிராக்டரை விடவில்லை. "சாமி போவட்டும், வண்டி போவக்கூடாது" என்றார்களாம். பொழுது சாயும்வரை கூத்தாண்டவர் தலை சாலையில் மரத்தடியில் இருந்தது. நடந்து போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. பூங்காவனமும் கொழுந்தனும் ஏரிக்கரை வழியாக நடந்தும், பாதி வழியில் ஒரு மாட்டுவண்டியில் ஏறியும், தலைக்கு முன்பே கையை ஊரில் சேர்த்துவிட்டார்கள்.

தேர் கட்டும் நாளில் காதுகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நான் போனேன். பஸ் ஓடியது. பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மாங்காயா என்று கேட்டார்.

வைக்கோல் உடம்பைக் கட்டி முடித்திருந்தார்கள். தலை ஏறியாயிற்று. இடது கையைக் கட்டியாயிற்று. வலது தோளில் வைக்கோல் புரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன காதுகளை மாட்டினார்கள். மேளக்காரர்கள் ஒருமுறை அடித்து நிறுத்தினார்கள். மேலே நின்று கட்டிக்கொண்டிருந்த பெரியவர் அந்தப் புரியைப் பார்த்தார், பிறகு கீழே நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. கூட்டத்தில் ஒரு கிழவர், "ஒத்தக் கையோட சண்டைக்கு அனுப்பப் போறீங்களாடா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

தனசேகரன்தான் கடைசியில் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்தார். மேளம் காலனிப் பக்கம் திரும்பியது. நானும் பின்னால் போனேன்.

பூங்காவனத்தின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வேட்டியில் சுற்றிய கை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வேட்டி விலகிய மணிக்கட்டில் புதுச் சிவப்பு வர்ணம். அவர் உள்ளே நிற்பது வாசலிலிருந்து தெரிந்தது.

"யாரு?" என்றார்.

"நான்தான்."

"நான்தான்னா?"

தனசேகரன் தட்டை மாற்றிப் பிடித்தார். "கை கூப்புட வந்துகீறோம். கை வரணுங்க."

"இருங்க. குளிச்சிட்டு வரேன்."

பூங்காவனத்தின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குளித்தாயிற்று என்று வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. தனசேகரன் தட்டோடு வெயிலில் நின்றார். மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு நிழலுக்குப் போனார்கள். அவர் மட்டும் நகரவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருமுறை நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

உள்ளே பூங்காவனம் நிதானமாகத் தலை வாரி, பூ வைத்து, கொழுந்தனைக் கூப்பிட்டார். வெளியே வந்து தட்டை வாங்கினார். வெற்றிலையைப் புரட்டிப் பார்த்தார். "வாடிப்போச்சி. பரவால்ல" என்றார். என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, காதை எவனும் கூப்புடாமலே வந்துடுச்சாமே?" என்றார்.

கொழுந்தன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். ஊர் பின்னால் வந்தது.

இதனால் அந்த ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அடுத்த மறியலிலும் காலனிக்கு வேலை இல்லை. தனசேகரனின் சித்தப்பா மகன் அதற்குப் பிறகும் கரும்புதான் வெட்டினார். சென்னையிலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். சார் அந்த அறிவிப்புப் பலகையைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிப் போனார், என்ன செய்தார் என்று தெரியாது.

உங்களிடம் ஒரு பொருள் வரும்போது அதன் வயது, மரம், வர்ணம் எல்லாவற்றையும் கேளுங்கள். அது இருந்த இடத்திலிருந்து அதை எடுக்க யார் யார் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு தலையும் கைகளும் நம்மிடம் திரும்ப வரவில்லை. காதுகளை வைத்திருந்த குடும்பமும் ஊருக்குத் திரும்பவில்லை. அதனால் காதுகளை மட்டும் நான் பையில் திரும்பக் கொண்டுவந்தேன். நடுக்கூடத்துப் பெரிய இரும்புச் சட்டத்தில் இன்றும் அவை இரண்டு மட்டும் மாட்டியிருக்கின்றன. சித்திரையில் அவற்றைக் கூப்பிட ஒரு தட்டு நம் வாசலுக்கு வரும்.